புகை அறைப் புத்தகங்கள்

எங்கள் வீட்டுப் புத்தகங்களை மோந்து பார்த்தால் பூண்டு வாசம் அடிக்கும். கூடவே தைலமர இலை எரிந்த புகை வாசமும் இருக்கும். நான் பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். விபூதியும் பஞ்சாமிர்தமும் மணக்க வளர்ந்தவள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கொடைக்கானல் மேல்மலையில் கட்டிக் கொடுத்தபோது, பூண்டு போடுகிற குடும்பம், மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்று சொன்னார்கள். நாவல் படிப்பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதுவும் எந்த மாதிரி நாவல்! சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

நாவல் என்றால் தொடங்கி நடந்து முடிகிற கதை என்றுதான் எனக்குத் தெரியும். இவர் படித்ததெல்லாம் வேறு ஜாதி. ஒன்றில் ஒரு ஆள் கதவைச் சாத்தப் போவான். முந்நூறு பக்கம் முடிந்திருக்கும், அவன் கை இன்னும் தாழ்ப்பாளைத் தொட்டிருக்காது. இன்னொன்றில் யார் பேசுகிறார்கள் என்றே சொல்ல மாட்டார்கள். அப்பனா, மகனா, செத்துப்போன அத்தையா, நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வேறொன்றில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நான் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கை ஒருத்தன் காசு கொடுத்து வாங்கிப் போடுவானா? இவர் வாங்கினார்.

அவற்றைச் சுமந்து வந்த கழுதை நான்தான். பார்சல்காரர்கள் மேல்மலைக்கு ஏற மாட்டார்கள், கொடைக்கானல் டவுனோடு நின்றுகொள்வார்கள். என் பள்ளிக்கூடம் டவுனில். காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். மாதத்துக்கு ஒரு பார்சலாவது வந்திருக்கும். பரீட்சைத் தாள்களோடு அதையும் பைக்குள் திணித்துக்கொண்டு, மன்னவனூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே வருவேன். வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்வார். பிரித்துப் பார்க்கிறபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் பிறந்த வீட்டில் போட்ட மோதிரத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் மண்சுவர் வைத்த அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. மேலே குறுக்காகக் கம்புகள் ஓடும். பூண்டு எடுத்து முடிந்ததும் தண்டும் இலையுமான தாளோடு கத்தை கத்தையாகக் கட்டி அந்தக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே தைலமர இலையும் ஈர விறகும் போட்டு மூட்டம் போடுவார்கள். தீ எரியக் கூடாது. கனன்று புகைய மட்டும் வேண்டும். புகை ஏறின பூண்டு கெடாது. இவ்வளவு எனக்குத் தெரியும். இவ்வளவுதான் தெரியும் என்பதுதான் பிற்பாடு என் தலையில் விடிந்தது.

கல்யாணமாகி வந்த மறுவாரமே அந்த அறையை எட்டிப் பார்க்கப் போனேன். மாமியார் வாசலில் மறித்துவிட்டார். "வெதை தொங்குற எடத்துக்குள்ள பொம்பளைக வரக் கூடாது தாயி" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பி.எட். முடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்குத் தீட்டா? "நல்லது அத்தை. இனிமே நீங்களே கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றேன். சொன்னபடி இருபத்தாறு வருஷம் போகவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு இவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். "அது அம்மா வச்ச சட்டம். நீ வா, வந்து பாரு. வெதைய எப்படி வச்சுக் காப்பாத்துறோம்னு பாரு" என்பார். "உங்க சோலியப் பாருங்க" என்று திரும்பிக்கொள்வேன். என் ரோஷம் அப்படி.

அந்த அறைக்குள் ஒரு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இவர் படித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கையில் புத்தகத்தோடு உள்ளே போனால் ரெண்டு மணி நேரம், சில நாள் மூணு மணி நேரம். விற்கிற பூண்டெல்லாம் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிப் போன பிறகும் போவார். மழையோ பனியோ, ஒரு நாள் தவற மாட்டார். பூண்டு வேலை ஒரு மாதத்தோடு முடிந்தது, மிச்ச நாளெல்லாம் இவர் படிக்கத்தான் போகிறார், குளிருக்குக் கொஞ்சம் தீ மூட்டி வைத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் மட்டுமா? பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன், இவருடைய ஒரே தம்பி, அவருமே கேலி பேசுவார். "ஏண்ணே, பொகைக்குள்ள ஒக்காந்து படிச்சுப் படிச்சு மூளை கருகிறப் போவுது." இவர் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவார்.

முதல் வருஷத்தில் என்னையும் படிக்கவைக்கப் பார்த்தார். நாலு பக்கம் படித்தேன். தலை சுற்றியது. "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு" என்று தலையாட்டினேன்.

"புரிஞ்சுச்சா?"

"ம்."

"எதுவரைக்கும்?"

பக்கத்தைத் தேடுகிற மாதிரி புத்தகத்தைப் புரட்டினேன். அவர் கோபப்படவில்லை. "டீச்சரம்மா, புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. ஒண்ணும் குத்தமில்ல. புரிஞ்ச மாதிரி மட்டும் தலையாட்டாத. நீ தலையாட்டிட்டுப் போயிருவ. சொன்னவன் அங்கயே நின்னுக்கிட்டு இருப்பான்."

"புத்தகம் என்ன, பின்னாடியே வந்து கேக்கவா போவுது?" என்று வாயடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதோடு அவர் விட்டுவிட்டார்.

அவர் புத்தகங்களில் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருப்பார். புரியாத இடத்துக்கு ஒரு கேள்விக்குறி. திரும்பப் படித்துப் புரிந்துவிட்டால் பக்கத்தில் ஒரு டிக். ஒரே பக்கத்தில் ஏழெட்டுக் கேள்விக்குறிகூட இருக்கும். டிக் விழ சில இடங்களில் அஞ்சாறு வருஷம் ஆகியிருக்கும் போலிருக்கிறது, பென்சில் நிறமே மாறியிருக்கும். இதையெல்லாம் நான் கவனித்தது போன வருஷம்தான்.

போன வருஷம் ஆவணிக் கடைசியில், பூண்டு எடுத்துக் கட்டி முடித்த மூணாவது வாரம், தோட்டத்து வரப்பில் விழுந்துவிட்டார். கொழுந்தன்தான் ஜீப்பில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓடினார். அங்கிருந்து மலை இறங்கி மதுரை. வலது கையும் காலும் போயிற்று. உயிர் நின்றது. மூணாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த திகைப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. "அம்மா, அவருக்கு அறிவு ஒண்ணும் போகல. நாம சொல்றது புரியும். அவர் சொல்ல நினைக்கிறதும் உள்ள முழுசா இருக்கு. வெளிய வர்றப்பதான் உதிரி உதிரியா ஒவ்வொரு வார்த்தையா வரும். பொறுத்திருந்து கேளுங்க. நீங்களா அவசரப்பட்டு முடிச்சு வைக்காதீங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு ஆமாவும் இல்லையும் மாறி வரலாம். அதனால தலையாட்டுறத மட்டும் வச்சு முடிவு பண்ணிராதீங்க, ரெண்டு மூணு தடவ கேட்டுப் பாருங்க." முருகா, அவள் சொன்னதில் எனக்கு வசதியானதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஓசூரிலிருந்து மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, வேலை போய்விடும் என்று அழுதுகொண்டே திரும்பினாள். நான் மூணு மாதம் லீவு போட்டேன். வீட்டில் அவரும் நானும்தான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தார்.

"அங்க."

இடது கை வீட்டுக்குப் பின்பக்கம் நீண்டது.

"என்னங்க, புத்தகமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். ஆமாவும் இல்லையும் மாறி வரும் என்று சொன்னாளே! அந்தத் திசையில் இருப்பது புகை அறை. புகை அறையில் இருப்பது அவர் புத்தகங்கள். வேறென்ன இருக்கப் போகிறது? இந்த நிலைமையிலும் மனுஷன் புத்தகத்தைக் கேட்கிறாரே என்று அழுகை வந்தது. ரோஷமாவது மண்ணாவது என்று, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த அறைக்குள் போனேன்.

உள்ளே கும்மிருட்டு. சாம்பல் ஆறிக் கிடந்தது. அவர் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் இருபது புத்தகம் இருக்கும். முந்தானையில் அள்ளிக்கொண்டேன். நிமிர்ந்தபோது தலையில் காய்ந்த தாள் என்னவோ உரசியது. கையால் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். மேலே பார்க்கவில்லை. ஆள் நடமாட்டமில்லாத அறைக்குள் எலி, நாய் புகுந்துவிடக் கூடாதே என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

புத்தகங்களைக் கட்டிலில் பரப்பிவைத்தேன். அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அங்க" என்றார் மறுபடியும்.

"எல்லாத்தையும் கொண்டாந்துட்டேங்க. புரியுதுங்க, நான் படிச்சுக் காட்டுறேன்" என்றேன். தலையாட்டினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முற்றுப்புள்ளியே இல்லாத அந்த நாவலைத்தான் எடுத்தேன். அவர் பாதி படித்து வைத்திருந்தார், அடையாளத்துக்கு ஒரு பூண்டுத் தாள் செருகியிருந்தது. ஒரு ஆள் ரயிலுக்குக் காத்திருக்கிறான், ரயில் வரவில்லை, அவன் நினைப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளையின் நினைப்பும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடுகிறது. முதல் நாள் அரைப் பக்கத்தில் மூச்சு முட்டிவிட்டது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நிறுத்தின இடமெல்லாம் அர்த்தம் மாறிப்போயிற்று. சீ, இதுவும் ஒரு எழுத்தா என்று எரிச்சல் வந்தது. ஆனால் இவருக்காகப் படித்தேன். பத்து நாளில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. புள்ளி இல்லாத இடத்தில் மூச்சுதான் புள்ளி. நமக்கு மூச்சு எங்கே இழுக்கத் தோன்றுகிறதோ அங்கே அந்த ஆளும் இழுக்கிறான். அப்புறம் யார் நினைப்பு எது என்று தானாகப் பிரிந்து வந்தது. பொம்பளை நினைக்கிறபோது வாக்கியம் வேகமாக ஓடுகிறது, அந்த ஆள் நினைக்கிறபோது தயங்குகிறது. நானாகக் கண்டுபிடித்தேன்! குதிக்காத குறைதான்.

மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். லைட்டைப் போட்டு, அவர் காலைக் கம்பளியால் மூடி, படிக்க உட்காருவேன். ஓரத்துக் கேள்விக்குறி வரும்போது நிறுத்தி, "இந்த எடம் இப்ப எனக்குப் புரியுதுங்க" என்று விளக்கிச் சொல்வேன். சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் நுழையாத ஒரு இடத்துக்குள் கடைசியில் நுழைந்துவிட்டதாக நினைத்தேன்.

நான் படிக்கப் படிக்க அவர் நடுவில் பேசினார். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை, ஆறு வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் நெற்றி நரம்பு புடைக்கும். பேச்சுப் பயிற்சிக்கு உதவும் என்று அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மழை. தீ. கம்மியா. தினமும். அங்க. மழை. தீ.

தீ என்றால் குளிருகிறதென்று நினைத்து ரூம் ஹீட்டர் வாங்கிவந்தேன். இடது கையால் அதைத் தள்ளினார். மழை என்றால் ஜன்னலைச் சாத்தினேன். தினமும் என்றால், "தினமும் படிக்கிறேங்க, ஒரு நாளும் விட மாட்டேன்" என்றேன். அவர் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். வியாதிக்காரருக்குக் கோபம் வரும் என்று மதுரையிலேயே சொல்லியிருந்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டதாகப் பெருமை வேறு.

இன்னும் கேவலமானதைச் சொல்கிறேன். ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த உதிரி வார்த்தைகள் நான் படிக்கிற நாவலைப் போலவே எனக்குத் தெரிந்தன. முன்பின் இல்லாமல், யாரிடம் சொல்கிறார் என்று இல்லாமல், நினைப்பு அப்படியே வழிகிற மாதிரி. பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சருக்குப் போன் போட்டு, "மழை, தீ, கம்மியா, தினமும்... கேளுங்களேன், எப்படி இருக்கு! அவர் பேச்சே ஒரு நாவல் மாதிரி ஆயிருச்சு டீச்சர்" என்றேன். அவர் கட்டிலில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். என்னை என்ன செய்தால் தகும்?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கொழுந்தன் குடையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வராமல் கால் மாற்றி நின்றுகொண்டு கேட்டார். "மதினி, பின்னாடி பொகையக் காணமேங்க?"

எங்கள் தெருவில் ஒருத்தர் விதையைப் பற்றி இன்னொருத்தர் கேட்க மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள். ஜாடையாக ஒரு தடவை கேட்கலாம். மறு தடவை கேட்டால் பொறாமைக்காரன் என்று பேராகிவிடும். அவர் ஜாடையாகக் கேட்டார். எனக்கோ பழைய கேலிதான் காதில் விழுந்தது. படுத்துக் கிடக்கிற மனுஷனைப் பார்த்துமா இந்த நக்கல்? சுருக்கென்று வந்தது.

"ஏன் தம்பி, படிக்கிறவரே படுத்துட்டாரு. இனி அங்க யாருக்குப் பொகை? எங்க வீட்டு விஷயம் எங்களுக்குத் தெரியும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க மதினி. நீங்க வேற ஏற்பாடு பண்ணிட்டீங்க போலருக்கு" என்று குடையை விரித்துக்கொண்டு போனார். கட்டிலிலிருந்து "தம்பி" என்று ஒரு குரல் வந்தது. தெளிவாக, திக்காமல் வந்த ஒரே வார்த்தை அதுதான். "தம்பி போயிட்டாருங்க. விடுங்க, அவரு எப்பவும் இப்படித்தான்" என்று தலையணையைச் சரிபண்ணினேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

கார்த்திகை பிறந்து மழை விட்டு வானம் வெறித்தது. கொழுந்தன் மறுபடி வந்தார். எங்கள் தோட்டத்துக்கும் சேர்த்து அவர்தான் நடவுக்கு ஆள் சொல்லியிருந்தார். "மதினி, நாளைக்கு வெள்ளனே ஆளுக வந்துரும். வெதைய எறக்கி வச்சுருவமா?"

"எந்த வெதை?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணன் வெதைதாங்க. பொகை ரூம்புல தொங்குச்சுல்ல, இப்ப எங்க வச்சிருக்கீங்க?"

சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். நாற்றம் வாசல்வரை வந்து அடித்தது. உள்ளே போனவர் வெளியே வந்து, ஈரத் தரையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் மேலே பார்த்தேன். முதல் தடவையாக மேலே பார்த்தேன். கம்புக்குக் கம்பு கத்தைகள் கறுத்துத் தொங்கின. கைக்கு எட்டினதைப் பிடித்தேன். பல் கூழாகி விரலோடு ஒட்டிக்கொண்டது. சிலதில் மஞ்சள் மஞ்சளாக முளை நீண்டு அதுவும் அழுகியிருந்தது.

"நடுற வரைக்கும் தெனமும் மூட்டம் போடணுமே மதினி. மழைக் காலத்துல ஒரு நா விட்டாலும் ஈரம் ஏறிருமே. தீய ஓங்க விடாமக் கம்மியா வச்சு, பக்கத்துலயே ஒக்காந்து பாக்கணும். அண்ணன் அதுக்குத்தான வருசா வருசம் உள்ள கெடப்பாரு. சும்மா ஒக்காரச் சடவா இருக்குன்னுதான் புத்தகம். இருவது வருசமாப் பெரிய பெரிய தலைக்காயாப் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்த வெதை." பிறகு அழுகிற குரலில் கேட்டார். "அண்ணன் உங்ககிட்டச் சொல்லலயா?"

சொன்னார். மழை. தீ. கம்மியா. தினமும். அங்க. நாற்பது நாள், ஒரு நாள் விடாமல் சொன்னார். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. ஒரு மூணாங்கிளாஸ் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் போய்த் தீ மூட்டியிருக்கும். நான் நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் போனேன். என் புடவையில் இருந்த நாற்றமே அவருக்குச் சொல்லிவிட்டது. என் கையைப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏங்க, புரியலங்க. எனக்குப் புரியவே இல்லங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். திட்டுவார், கட்டிலை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு நோட்டில் எழுத ஒரு வார்த்தையும் இல்லை. மறுநாளும் இல்லை.

கொழுந்தன் தன் விதையிலிருந்து கொஞ்சம் கொடுத்து எங்கள் தோட்டத்தையும் நட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தை மாதம் மதுரைக்குக் கூட்டிப்போனபோது, பேச்சுப் பயிற்சிப் பெண் ஒரு மணி நேரம் அவரோடு இருந்துவிட்டு வெளியே வந்தாள். "முன்னைக்கு இப்ப நல்லா வரணும்மா. வாய், நாக்கு எல்லாம் சரியாத்தான் அசையுது. அவர்தான் முயற்சி பண்ண மாட்டேங்கிறார். வீட்ல ஏதும் நடந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அது நன்றாகப் பொய் சொன்னது.

அந்த நாவலை நான் முடித்துவிட்டேன். தனியாகப் படித்து முடித்தேன். கடைசிவரை ரயில் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பொம்பளை எழுந்து போகிறாளா, அல்லது அவள் அங்கே இருக்கவே இல்லையா என்று தெரியவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கேட்பதற்கு எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவர் பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கிறார். நாவலை விடுங்கள், நான் எழுதி வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தால் நாற்பது நாள் வார்த்தையில் ஒன்றுக்குப் பக்கத்தில்கூட நான் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கவில்லை.

இப்போது மறுபடி ஆவணி. பூண்டு எடுத்தாயிற்று. விதைக்கு ஒதுக்கின கத்தைகள் புகை அறையில் தொங்குகின்றன. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானே மூட்டம் போடுகிறேன். அவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். மறுப்பதில்லை. இப்போதெல்லாம் அவர் எதையும் மறுப்பதில்லை. சாதம் போதுமா என்றால் தலையாட்டுகிறார். இன்னும் வேணுமா என்றாலும் தலையாட்டுகிறார். ஆமாவும் இல்லையும் மாறி வரவில்லை. ஆமா மட்டும்தான் வருகிறது.

நேற்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஈர இலையை எடுக்காமல் வேண்டுமென்றே காய்ந்த இலையை ரெண்டு கை அள்ளி மூட்டத்தில் போட்டேன். ஒரு வார்த்தை வராதா என்றுதான். 'தீ' என்றாவது கத்த மாட்டாரா, என்னை அடிக்கவாவது கை ஓங்க மாட்டாரா என்றுதான். படபடவென்று பிடித்துக்கொண்டது. தீ எழும்பி மேலே தொங்கும் தாளை நக்கப் பார்த்தது. அவர் தீயைப் பார்த்தார். கத்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

தலையாட்டினார்.